கதவருகே நின்ற மதினி

நானும் மதினியும் ஒரே ரயில் அறையில் ஒரு வாரம் அடைபட்டிருந்தால் ஊருக்குத் திரும்பி வரப்போவது ஒருவர்தான் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பினார்கள். அந்த ஒருவர் யார் என்பதில்தான் அபிப்பிராய பேதம் இருந்தது. என் தம்பிக்குச் சந்தேகமே இல்லை. "மைனி ரயிலு கெளம்புறதுக்கு முன்னாலயே ஊருக்கு வந்து சேந்துருவாங்க. நீதான் பாலைவனத்துல எறங்கி, ஒட்டகத்து நெழல்ல உக்காந்து புஸ்தகம் வாசிச்சிட்டு இருப்பக்கா. வண்டி போயிரும்," என்றான். அவன் மனைவி சமாதானமாக, "ரெண்டு பேரும் வந்துருவாங்க. ஆனா வேற வேற பெட்டியில," என்றாள்.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மதினி என் கணவரின் அக்காள். எழுத்தில் மதினி, வாயில் மைனி. எந்த இடத்துக்கும் உரிய நேரத்துக்கு வெகு முன்பாகவே போய் நிற்கிறவர். நானோ எந்த இடத்துக்கும் பிந்திப் போகிறவள். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற பின்னும், ஓர் அத்தியாயத்தை நடுவில் விட்டு எழுந்திருக்கும் கலை எனக்குக் கைவரவில்லை. என் கல்யாணத்தன்று என்னை மணமேடைக்கு அழைத்துப்போக வந்தவர் மதினிதான். அலங்காரமெல்லாம் முடிந்து நான் ஒரு வார இதழின் தொடர்கதையில் மூழ்கியிருந்தேன். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அன்று சொன்னதுதான்: "ஏளா, வண்டி நமக்காவ நிக்காது." மணமேடை அடுத்த அறையில் இருந்தது. வண்டி எதுவும் தேவைப்படவில்லை.

ஏரலில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, மண்டபத்தின் பூட்டைத் திறந்தவரே மதினிதான் என்று சொல்வார்கள். அவருக்கும் முன்பாக அங்கே ஒருவரும் வந்திருக்கவில்லை. சாவி வைத்திருந்த காவல்காரர், டீ குடித்துவிட்டு வருவதற்குள் மழை வந்தால் ஜன்னலைச் சாத்தும்படி சொல்லிச் சாவியை அவரிடமே கொடுத்துப் போய்விட்டார். பெண் வீட்டார் வந்தபோது மதினி உள்ளே நின்று அவர்களை வரவேற்றிருக்கிறார். மதினி மாப்பிள்ளை வீட்டுக்காரி. பந்தியில் அவருக்குச் சாப்பிட நேரமிருக்காது. மூன்றாவது கறி இலையில் விழும்போதே கண் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும்.

இதற்கெல்லாம் ஒரு பழைய காரணம் உண்டு என்று அவரே ஒருமுறை சொன்னார். கல்யாணமான புதிதில் அவர் ஆழ்வார்திருநகரியிலிருந்து திருநெல்வேலிக்குப் பாசஞ்சர் ரயிலில் போய் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தார். ஒரு சாயங்காலம் ஜன்னலோரம் கண்ணயர்ந்துவிட்டார். ஊர் வந்து, வண்டி நின்று, புறப்பட்டு, நாசரேத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இருட்டுமுன் திரும்பிவிட்டார். வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அவர் சோறு வைத்து உண்ணும்வரை எல்லோரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் முதல், வண்டி முந்தின நிலையமான ஸ்ரீவைகுண்டத்தை விட்டதுமே எழுந்து பையோடு கதவருகே வந்து நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டார். பிறகு அந்த வேலை போயிற்று, புருஷன் போனார், தூத்துக்குடிக்குக் குடிவந்தாயிற்று. கதவருகே நிற்பது மட்டும் போகவில்லை.

சொகுசு ரயிலுக்கு வருகிறேன்.

தூத்துக்குடியில் மதினி நெடுங்காலம் வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரர் தம் மகளுக்கென்று திரும்பக் கேட்டார். பொங்கல் கழித்துக் காலி செய்தால் போதும் என்று மிகுந்த மரியாதையோடுதான் கேட்டார். மதினி தீபாவளிக்கே சாவியைக் கொண்டுபோய் நீட்டிவிட்டார். பெங்களூரில் இருந்த ஒரே மகன், இனி அம்மா தன்னோடுதான் என்று முடிவு செய்தான். நல்ல பிள்ளை. இதுவரை எங்குமே போகாத அம்மாவை, புது வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் முன் ஒரு தரமாவது ராணி மாதிரி ஊர் சுற்றவைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. மலைக்கும் பாலைவனத்துக்கும் போகிற சொகுசு ரயிலில் இருவர் தங்கும் அறை ஒன்றைப் பதிவு செய்தான். பயணம் முடிந்ததும் மதினி டெல்லியிலிருந்து நேரே பெங்களூர். நான் தனியே தூத்துக்குடி. மதினிக்கு இதில் மிகுந்த சந்தோஷம் என்பது குடும்பத்தின் இரண்டாவது நம்பிக்கை. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் "சந்தோசம்தான்" என்றே சொன்னார்.

"நீங்கதான் கூடப் போணும் அத்த. அம்மைக்கு இந்தி தெரியாது," என்றான் மகன், தொலைபேசியில்.

"எனக்கும் தெரியாதே."

"ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்லா. சமாளிச்சிருவிய."

நான் ஒப்புக்கொண்டேன். அன்பினால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், வாசித்து மட்டுமே அறிந்த பாலைவனத்தை யாராவது இலவசமாகக் காட்டினால் மறுக்கும் அளவுக்கு என் படிப்பு என்னைப் பக்குவப்படுத்தியிருக்கவில்லை. கனமான புத்தகங்கள் சிலவற்றை வாங்கி, வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடிட்டு, மதினிக்கு எந்த இடத்தில் எதை விளக்குவது என்று மனப்பாடம் செய்தேன். வகுப்பில் ஒரே மாணவி என்பதும், அந்த மாணவி மணி அடிக்குமுன்பே வெளியே போய்விடுகிறவர் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மதினியிடம் இரண்டு பைகள் இருந்தன. தட்டுமுட்டுச் சாமான்களைக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த வாழ்க்கையை அவற்றில் அடைத்திருந்தார். ஒன்றில் துணிகள். மற்றதில் கருப்பட்டி, புளி, ஒரு டின் மக்ரூன், பழந்துணியில் சுற்றிய, தேங்காய் துருவும் இரும்புத் துருவலை. மெத்தை விரித்து, பித்தளை விளக்கு மாட்டி, துவாலையை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்த அந்த அறைக்குள் துருவலையோடு நுழைந்த பயணி அவர் ஒருவராகத்தான் இருப்பார். அன்னத்தைப் பிரித்து உதறி நாலாக மடித்தார். "ஈரத்துணி மாதிரி சுருட்டி வச்சிருக்கான்," என்றார்.

ஏறிய மறுநாள் மலைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே எங்களுக்கென்று கண்ணாடிக் கூரை போட்ட சிறிய ரயில் காத்திருந்தது. பைகளைப் பெரிய ரயிலிலேயே விட்டுவரலாம் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். மதினி இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். வழியெங்கும் பைன் மரங்கள், பள்ளத்தாக்குகள், தலைக்கு மேல் கண்ணாடியில் மேகம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, சுரங்கப்பாதை வரும்போதெல்லாம் பெட்டியில் விளக்கு எரிந்தது. அவர் அறிந்த பாசஞ்சரில் விளக்கு எரிந்தால் ஊர் நெருங்கிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு சுரங்கத்திலும் மதினி பைகளோடு எழுந்தார். வெளிச்சம் வந்ததும் உட்கார்ந்தார். அந்தப் பாதையில் சுரங்கங்கள் ஏராளம். எங்களுக்குப் பின்னால் இருந்த வெளிநாட்டுத் தம்பதி, இது ஏதோ இந்திய வழிபாட்டு முறை என்று எண்ணி, சிறிது நேரத்தில் தாமும் எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். நான் புத்தகத்தை முகத்தருகே உயர்த்திக்கொண்டேன்.

பெரிய ரயில் ராஜஸ்தானுக்குள் நுழைந்ததும் என் விரிவுரையைத் தொடங்கினேன். "மைனி, இது ஆரவல்லி மலை. இமயமலையைவிட வயசுல மூத்தது."

மதினி ஜன்னல் வழியே அந்தத் தாழ்ந்த குன்றுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான் அடங்கி உக்காந்திருக்கு," என்றார்.

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டித் தலைநிமிர்ந்தபோது அவர் இருக்கை காலியாக இருந்தது. அடுத்த நிறுத்தம் சாயங்காலம்தான். ஆனாலும் பைகளோடு கதவருகே போய்விட்டிருந்தார்.

எங்கள் பெட்டியைக் கவனித்துக்கொண்ட பணியாளர் தலைப்பாகையும் நரைத்த மீசையும் கொண்ட கம்பீரமான மனிதர். விருந்தினர் ஒருவர் மூட்டை முடிச்சுகளோடு கதவருகே நிற்பதை முதல் நாளிலிருந்தே கண்டு வந்தவர், தாங்கமுடியாமல் ரயிலின் மேலாளரிடம் சொல்லிவிட்டார். அன்று பிற்பகல் மேலாளர், கோட்டும் கழுத்துப்பட்டையுமாக, கையில் ஒரு கேக்கோடு கதவருகே வந்து நின்றார். பின்னால் ரோஜாக்களோடு மற்றொருவர். நடந்த குறை எதுவானாலும் மன்னிக்க வேண்டும், அம்மையார் நடுவழியில் இறங்கிப் போகும்படி இந்த ரயிலில் இதுவரை நேர்ந்ததில்லை என்றார்.

"யாருக்குளா பொறந்தநாளு?" என்று மதினி என்னைக் கேட்டார்.

"யாருக்கும் இல்ல மைனி. நீங்க கோவிச்சிட்டு எறங்கிப் போறியளோன்னு பயந்து கேக்கு கொண்டாந்திருக்காங்க."

"நான் எதுக்கு எறங்கப்போறேன்? எறங்கச் சொல்லுதுக்கு முன்னால நாம தயாரா நிக்கணும்லா. அதத்தான் செய்யுதேன். அவர்ட்ட அப்பிடியே சொல்லு."

முப்பது வருஷம் மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பு சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த வாக்கியத்தைக் கேட்டேன், அதன் விசித்திரத்தை ரசித்தேன், பொருளைக் கவனிக்கவில்லை. கதவருகிலிருந்து தெரியும் காட்சி அம்மையாரின் மனத்தை மிகவும் கவர்ந்துவிட்டது என்று செம்மையான ஆங்கிலத்தில் மேலாளருக்குச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. மதினி கேக்கை வாங்கி, பதிலுக்கு டின்னைத் திறந்து மக்ரூன் கொடுத்தார். "முட்டையும் முந்திரியும் சீனியும். காத்துப் படாம தின்னுங்க, நமுத்துரும்," என்று தமிழிலேயே சொன்னார். மேலாளர் அதற்கும் தலையசைத்தார்.

மறுநாள் காலை கதவருகே பட்டுத் திண்டு வைத்த ஒரு சிறிய முக்காலி போடப்பட்டிருந்தது. பக்கத்தில் பூச்சாடியில் ஓர் ஒற்றை ரோஜா. சொகுசு என்பது இதுதான் போலிருக்கிறது: மனிதரின் கிறுக்கைத் திருத்தாமல் அதற்கு ஓர் இருக்கை போட்டுக் கொடுப்பது. மதினி அதில் உட்கார்ந்து, பைகளை மடியில் வைத்துக்கொண்டார். போகிற வருகிற பயணிகள் அவருக்குக் கைகூப்பினார்கள். ரயிலின் உரிமையாளரின் தாயார் என்று எண்ணியிருப்பார்கள்.

பாலைவனத்தில் சூரியோதயத்தைக் காட்டவென்றே ஒரு விடியலில் ரயிலை மெதுவாக ஓட்டினார்கள். நான் எல்லோருக்கும் முன்பாக, காட்சி பார்க்கவென்று அந்த ரயிலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். என் வாழ்நாளில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான். வெளியே இன்னும் இருட்டாக இருந்ததால், விடியும்வரை என்று புத்தகத்தைத் திறந்தேன். மணல்வெளியில் பொழுது புலரும்போது நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுவதைப் பற்றி அருமையான ஓர் அத்தியாயம். சாம்பலிலிருந்து ஊதா, ஊதாவிலிருந்து தாமிரம் என்று நான் தாமிரம்வரை வந்தபோது யாரோ மெல்லச் செருமினார்கள். தலைப்பாகைக்காரர் தேநீரோடு நின்றிருந்தார். வருத்தத்தோடு ஜன்னலைக் காட்டினார். சூரியன் நன்றாக மேலே ஏறியிருந்தது. மணல் வெறும் மணல் நிறத்தில் கிடந்தது.

அந்த எரிச்சலை யார்மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. மதினியைத் தேடிப் போனேன். கதவின் மேல்பாதிக் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்கள். காற்றில் தலைமுடி பறக்க, பைகளை அணைத்தபடி முக்காலியில் இருந்தார்.

"சூரியன் உதிச்சதப் பாத்தியளா மைனி?"

"முழுசும் பாத்தேன். ஒன்னியக் கூப்பிடணும்னு நெனச்சேன். பைய விட்டுட்டு எப்பிடி வர?" என்றார். பிறகு, "நம்ம தேரி மாதிரில்லா கெடக்கு. பனைதான் இல்ல," என்றார். தேரி என்பது எங்கள் ஊர்ப்பக்கத்துச் செம்மணல் மேடு. இத்தனை தூரம் வந்து எங்கள் ஊரையே பார்த்திருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"பெங்களூர்ல அவன் வீடு பதினாலாவது மாடியாம்," என்றார்.

"நல்ல வீடா இருக்கும் மைனி."

"நல்ல வீடுதான். பிள்ளையும் நல்லவன். மருமவளும் நல்லவ. எனக்குன்னு ஒரு ரூம்புக்குச் சாயம்லாம் அடிச்சிருக்காவ. ஒரு கொற சொல்ல முடியாது."

"பெறவு என்ன?"

"கொற இருந்தா சண்ட போட்டுட்டு எறங்கிரலாம். கொறையில்லாத எடத்துல எப்பிடி எறங்குறது? அவிய முகஞ்சுளிக்கதுக்கு முன்னால நாமளே கெளம்பிரணும்னு வாசல்லயே நிக்கணும்லா. ஊர்ல பாசஞ்சர்னா எந்த டேசனுக்குப் பெறவு நம்ம டேசன்னு தெரியும். அங்கன எனக்கு யாரு சொல்லுவா?"

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டு, ஒரு கால அட்டவணையைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினார். கேக்கோடு வந்த மேலாளருக்கு நான் செம்மையான ஆங்கிலத்தில் கொடுத்த மொழிபெயர்ப்பு எனக்கு நினைவு வந்தது.

இத்தகைய தருணங்களுக்கென்று நான் வாசித்துச் சேர்த்த வாக்கியங்கள் அநேகம். முதுமையைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் பிற மொழிகளில் பெரியவர்கள் எழுதிவைத்தவை. அவற்றில் ஒன்றுகூட அன்று உதவிக்கு வரவில்லை. என் கணவர் இறந்த பிறகு எங்கள் தூத்துக்குடி வீட்டில் நான் கீழே தனியாக இருந்தேன். மாடியில் குடியிருந்தவர்கள் போய் வெகுநாளாகியிருந்தது. என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "நம்ம மாடி சும்மாத்தான கெடக்கு மைனி."

கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சொட்டு ஈரமில்லாத வெளி எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

"மாடிக்குத் தண்ணி ஏறுமாளா?"

"ஏறும்."

"மோட்டார நேரத்துக்குப் போடுவியா?"

"நீங்களே போடுங்களேன்."

"நான் விடியக்கருக்கல்லயே போட்டுருவேன். ஒனக்குத் தூக்கம் கெடும்."

"கெடட்டும் மைனி."

"பெறவு மூஞ்சியத் தூக்கப்பிடாது."

"தூக்குவேன். அதுக்காவ நீங்க எறங்கிப் போயிரக் கூடாது."

மதினி இதை யோசித்தார். பைகளைக் கீழே வைத்தார் என்று முடித்தால் நன்றாக இருக்கும். வைக்கவில்லை. துருவலை இருந்த பையை மட்டும் என்னிடம் நீட்டி, "இதக் கொஞ்சம் பிடி, கை வலிக்கி," என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அடுத்த நிறுத்தம் வெகு தொலைவில். இருவரும் ஆளுக்கொரு பையோடு கதவருகே இருப்பதைக் கண்ட தலைப்பாகைக்காரர் இரண்டாவது முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

மகன் தொலைபேசியில் கோபித்தான். பிறகு வருத்தப்பட்டான். அதன் பிறகு, பாவம், நிம்மதியடைந்தான் என்றே நினைக்கிறேன். மாதம் தவறாமல் வந்து பார்த்தான். நானும் மதினியும் ஒரே பெட்டியில் தூத்துக்குடி வந்து இறங்கினோம். அழைத்துப்போக வந்திருந்த தம்பியின் முகத்தில் இலேசான ஏமாற்றம் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், கடைசி நிமிஷத்தில் நான் இறங்கினேன். மதினி தூத்துக்குடிக்கு முன்னால் வரும் மீளவிட்டானிலேயே கதவருகே வந்துவிட்டார்.

பிறகு சில வருஷங்கள் அவர் என் தலைக்கு மேலே நடந்தார். மாடியிலிருந்து பார்த்தால் உப்பளமும் வெள்ளைக் குவியல்களும், அதற்கப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் தெரியும். அவர் அவற்றைப் பார்த்ததாக நினைவில்லை. விடியுமுன் மோட்டார் சத்தம். நான் மூஞ்சியைத் தூக்குவேன். அவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "வாசிச்சது போதும், ஆறிரும்," என்பார். மின்கட்டணம், கண் டாக்டர், கோயில் கொடை விழா, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே என்னை விரட்டினார். அந்த வருஷங்களில் நான் பாதி படித்துவிட்டு மூடிய புத்தகங்கள் ஓர் அலமாரியை நிறைக்கும். அவர் தட்டியும் நான் எழுந்திராமல் முடித்தவையும் உண்டு.

அந்த இரண்டு பைகளும் மாடிக் கதவின் பின்னால் கட்டியது கட்டியபடி நின்றன. நான் பார்ப்பேன், எதுவும் கேட்பதில்லை. ஒரு மழைக்காலத்தில் ஒழுகுகிறதா என்று பார்க்க மேலே போனபோது, ஒரு பை ஆணியில் தொங்கியது. உள்ளே சின்ன வெங்காயம். மற்றதைக் காணோம். எங்கே என்றேன். "எலி கடிச்சிட்டு, தூரப் போட்டாச்சு," என்றார். துணிகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. துருவலை அடுப்பு மேடைக்குக் கீழே இருந்தது. நான் கூரையை அண்ணாந்து பார்த்து, ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தேன்.

போன ஐப்பசியில் மதினி உடம்புக்கு முடியாமல் படுத்தார். இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொன்னார். டாக்டர் சொன்ன காலத்துக்கு மதினி காத்திருக்கவில்லை. அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் பை எதுவும் கட்டி வைத்திருக்கவில்லை.

ஒருவர்தான் மிஞ்சுவார் என்று குடும்பத்தில் சொன்னார்கள். யார் என்பதில் தம்பி தவறிவிட்டான். இப்போது மோட்டாரை நான் போடுகிறேன், பொழுது நன்றாக விடிந்த பிறகு. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது. மாடியில் யாரும் இல்லை. கீழே நான் இருக்கிறேன்.